அவலாஞ்சி டிரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம் என்றால், எனக்கு மட்டும் ஏன் மீன் சீசன் இல்லை?

எமரால்டுக்காரன் கேட்டது:

வணக்கம். நான் எமரால்டு அணைக்கு அருகிலுள்ள ஊரைச் சேர்ந்தவன். ஊட்டிக்கு வருகிறவர்களை மலைநடைக்கு அழைத்துச் செல்லும் வேலையை ஆறு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அவர்களில் தூண்டில் போட ஆசைப்படுகிறவர்கள் இருந்தால், உரிமச்சீட்டு கிடைக்கிற நாட்களில், அனுமதி உள்ள ஓடைகளுக்கும் அணைக்கரைக்கும் கூட்டிச் செல்வதும் உண்டு. சென்ற அக்டோபரில் என்னுடன் இரண்டு நாட்கள் நடந்த ஒரு விருந்தினர், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆற்று மீன்பிடிப்புக்கு வழிகாட்டுவதையே இருபது ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டவர். என் கையில் இருந்த ஒரு சாண் நீள டிரவுட்டைப் பார்த்துவிட்டு, "இதனுடைய அண்ணன்மாரைத் தேடித்தான் நான் ஆண்டு முழுவதும் அலைகிறேன்" என்றார். கடலுக்குப் போய்ப் பெருத்துத் திரும்பி ஆற்றில் ஏறும் ஸ்டீல்ஹெட் என்ற மீனும் நம் ஊர் வானவில் டிரவுட்டும் ஒரே இனம்தான் என்று அவர் விளக்கியபோது முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

பிறகு அவர், "உங்கள் சீசன் எப்போது?" என்று கேட்டார். நான் வழக்கம்போல ஏப்ரல், மே என்றும், செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன் உண்டு என்றும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஆட்கள் வரும் மாதத்தைச் சொல்கிறீர்கள், நான் மீன் வரும் மாதத்தைக் கேட்டேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வாக்கியம் இன்னும் உறுத்திக்கொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நம் மீன் ஏன் கடலுக்குப் போவதில்லை என்பதையும், அங்குள்ள வழிகாட்டி தன் ஆண்டை எதை வைத்துப் பிரித்துக்கொள்கிறார் என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். நம் நீரில் மீனுக்கென்று ஒரு சீசன் உண்டா, அதை நான் எப்படிக் கண்டறிவது என்பதுதான் உண்மையில் எனக்கு வேண்டியது.

பழைய பொரிப்பகம் எழுதியது:

தம்பி, நான் டிரவுட் குஞ்சு பொரிப்பகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் விருந்தினர் சொன்னது சரி. இரண்டுக்கும் அறிவியல் பெயர் ஒன்றுதான், ஆன்கோரிங்கஸ் மைக்கிஸ். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதை சால்மோ கெய்ர்ட்னெரி என்று எழுதுவோம். பசிபிக் சால்மன்களுக்கு இது நெருங்கிய உறவு என்று தெளிவானதால், 1989இல் அவற்றின் பேரினத்தின் கீழ் மாற்றினார்கள். பதிவேட்டில் பழைய பெயரை அடித்துப் புதியதை எழுதியது எனக்கு நினைவிருக்கிறது.

நம் மலைக்கு இது வந்த கதையைச் சொன்னால் உங்கள் முதல் கேள்விக்கு வழி பிறக்கும். 1860களில் மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே நீலகிரியில் டிரவுட்டைக் குடியேற்ற முயன்று தோற்றுப்போனார். அதன் பிறகு ஹென்றி சார்லஸ் வில்சன் மீண்டும் முயன்று, 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார். இலங்கை, நியூசிலாந்து, ஜெர்மனி ஆகிய இடங்களிலிருந்து வந்த முட்டைகளில் நிலைத்துத் தழைத்தது வானவில் டிரவுட்தான். நியூசிலாந்தின் டிரவுட்டோ 1883இல் கலிபோர்னியாவிலிருந்து போனது. ஆகவே உங்கள் கையில் இருந்த மீனின் மூதாதையரில் சிலர் பசிபிக் கடலைப் பார்த்தவர்களாக இருக்கவும் கூடும்.

கடலுக்குப் போவதும் போகாததும் இந்த மீனுக்கு ஓரளவு பரம்பரை, ஓரளவு சூழ்நிலை. ஒரே கூட்டில் பொரித்த குஞ்சுகளில் ஒன்று ஓடையிலேயே தங்கிவிடும், மற்றொன்று ஓரிரு ஆண்டுகள் கழித்து உடல் வெள்ளிநிறமாக மாறி, உப்புநீரைத் தாங்கும் வகையில் செவுளும் சிறுநீரகமும் மாறி, கடலை நோக்கி இறங்கும். ஓடையிலேயே தங்கிய பெற்றோரின் குஞ்சு கடலுக்குப் போவதும் உண்டு. அர்ஜென்டினாவின் சாந்தா குரூஸ் ஆற்றில் மனிதர்கள் கொண்டுபோய் விட்ட வானவில் டிரவுட்டில் ஒரு பிரிவு கடலுக்குப் போய்த் திரும்பும் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த ஆறு தொடக்கம் முதல் கழிமுகம் வரை குளிர்ந்த நீர்.

நம் மீனின் வழியை நினைத்துப் பாருங்கள். அவலாஞ்சியிலிருந்து குந்தா ஆறு, அங்கிருந்து பவானி, பில்லூர் அணை, பவானிசாகர், கூடுதுறையில் காவிரி, பிறகு கல்லணையைத் தாண்டிப் பூம்புகார். 10 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்கும், 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். 20 டிகிரியைத் தாண்டினாலே திணறத் தொடங்கும் மீன், மேட்டுப்பாளையத்தைத் தாண்டுவதற்குள் செத்து மிதக்கும். போதாததற்கு, குந்தா மின்திட்டத்தின் அணைகளும் சுரங்கங்களும் வழியெங்கும் இருக்கின்றன. வளரும் நாடுகளுக்கு உதவும் கொழும்புத் திட்டத்தின் கீழ் அந்த மின்திட்டத்துக்கு உதவிய நாடு கனடா. ஸ்டீல்ஹெட் ஏறும் ஆறுகள் ஓடுகிற அதே கனடாதான்.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். அங்கே காட்டு வானவில் டிரவுட் பெரும்பாலும் வசந்தத்தில் முட்டையிடும். நம்மிடம் மழை ஓய்ந்து உறைபனி விழத் தொடங்கும் மாதங்களில்தான் பெட்டைகள் சினை முதிர்ந்து வரும். வயிற்றை இதமாக அழுத்தி உலர்ந்த பாத்திரத்தில் முட்டையை எடுத்து, ஆண்மீனின் விந்தைக் கலந்து, அதன் பிறகே நீர் விடுவோம். 10 டிகிரி நீராக இருந்தால் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பொரிக்கும். அந்த மாதங்களில் விருந்தினரை முட்டையிடும் சரளைக்கல் படுகையில் இறக்கி நடக்கவிடாதீர்கள்.

குன்னூர்–போர்ட்லாந்து எழுதியது:

வணக்கம் தம்பி. நான் குன்னூரில் பிறந்து வளர்ந்து, வேலை நிமித்தம் பதினான்கு ஆண்டுகளாக ஓரிகனில் இருக்கிறேன். தூண்டில் பைத்தியம் முற்றியதால் மூன்று ஆண்டுகள் வார இறுதிகளில் ஒரு வழிகாட்டிக்குக் கையாளாக இருந்திருக்கிறேன். கையாள் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, படகு இறங்கிய இடத்தில் நிற்கும் வண்டியை அது கரையேறும் இடத்துக்கு ஓட்டிச் செல்வது, மதிய உணவு கட்டுவது, பின்னிக்கொண்ட தூண்டில் நரம்பைப் பிரிப்பது. இருந்தாலும் அவருடைய ஆண்டு எப்படிச் சுழல்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தேன்.

அவருக்கு ஆண்டு தொடங்குவது மழையில். டிசம்பர் முதல் மார்ச் வரை பசிபிக் கரையோரத்துச் சிற்றாறுகளில் குளிர்கால ஸ்டீல்ஹெட் ஏறும். மழை கொட்டும்போது ஆறு செந்நீராகப் பொங்கும், அப்போது தூண்டில் போட்டுப் பயனில்லை. வெள்ளம் வடியத் தொடங்கி, நீர் பச்சை கலந்த கண்ணாடிபோல் மாறி, இரண்டு மூன்று அடி ஆழத்துக்குக் கண் தெரியும் அந்த ஓரிரண்டு நாட்கள்தான் அவருடைய நாட்கள். அந்த நிறத்துக்கு 'ஸ்டீல்ஹெட் பச்சை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மேட்டூர் நீர்மட்டத்தை நம் டெல்டா விவசாயி பார்ப்பதுபோல, அவர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் அளவுகோல்கள் காட்டும் வினாடிக்கு இத்தனை கனஅடி என்ற கணக்கை ஆறு ஆறாகப் பார்த்துவிட்டு, எந்த ஆற்றுக்குப் போவது என்று அதன் பிறகே விருந்தினருக்குத் தகவல் அனுப்புவார். சிற்றாறு சீக்கிரம் தெளியும், பேராறு தாமதமாகத் தெளியும். எனவே புயலுக்கு மறுநாள் ஓர் ஆறு, நான்காம் நாள் வேறோர் ஆறு.

ஏப்ரல் முதல் ஜூன் வரை வசந்தகால சினூக் சால்மன். நெடுந்தூரம் ஏற வேண்டியிருப்பதால் அது உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு ஆற்றுக்குள் வருகிறது, ஆகவே சாப்பிடுகிறவர்கள் இதற்குத்தான் விலை கொடுப்பார்கள். ஆகஸ்டில் கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில் படகுகள் திருவிழாக் கூட்டம்போல நெருக்கி நிற்கும். எனக்கு அது பிடிப்பதில்லை. செப்டம்பருக்குப் பிறகு இலையுதிர்கால சினூக்கும் கோஹோ சால்மனும் வரும்.

இவற்றுக்கு நடுவே ஜூலை முதல் அக்டோபர் வரை நீளும் கோடைகால ஸ்டீல்ஹெட்தான் அவர் உயிரை விடும் மீன். குளிர்கால மீன் முட்டையிடத் தயாராக ஆற்றில் நுழைகிறது; கோடை மீனோ பருவம் முதிராமலே நுழைந்து, பல மாதங்கள் ஆற்றிலேயே காத்திருந்து, அடுத்த வசந்தத்தில்தான் முட்டையிடும். அந்தக் காலம் முழுவதும் பெரும்பாலும் இரை எடுக்காது. இரை எடுக்காத மீனை எதைக் காட்டிப் பிடிப்பது என்பதில்தான் இந்தத் தொழிலின் நுட்பமெல்லாம் இருக்கிறது. டெஷூட்ஸ் ஆற்றில் வெயில் தண்ணீரில் விழுவதற்கு முன்பும், மலைநிழல் சரிந்த பின்பும் மட்டுமே இறங்குவோம். இரு கைகளாலும் பிடிக்கும் நீளமான கோலால் ஃப்ளையை, அதாவது தூண்டில் முள்ளில் கட்டிய போலிப் பூச்சியை, ஆற்றின் குறுக்கே கீழ்நோக்கி வீசி, நீரோட்டமே அதை வளைவாக இழுத்துக் கரைக்குக் கொண்டுவரும்வரை காத்திருந்து, இரண்டு எட்டு கீழே நகர்ந்து மறுபடி வீச வேண்டும். ஆயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். முழுநாள் வெறும் கையோடு நின்ற விருந்தினர் மறுநாளும் மகிழ்ச்சியாக வரும்படி செய்வதுதான் வழிகாட்டியின் உண்மையான திறமை என்பது நான் கண்டது.

அவர் படகைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் இயந்திரம் கிடையாது. தட்டையான அடியும் இருபுறமும் மேலெழுந்த முனைகளும் கொண்டது. ஒகேனக்கல் பரிசல்காரர் சுழலோடு சுழன்று போவார். இவரோ கீழ்நோக்கி முகம் வைத்து உட்கார்ந்து துடுப்பை நீரோட்டத்துக்கு எதிராக இழுத்து இழுத்துப் படகை ஆற்றைவிட மெதுவாக இறக்குவார். மாலையில் அவருடைய கைகள் நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. அங்கே மீனுக்குச் சீசன் இருப்பதால்தான் அந்தச் சீசன் வராமல் போகும் அபாயமும் இருக்கிறது. கொலம்பியா ஆற்றின் பானவில் அணை 1938இல் மீன்கள் ஏறி அணையைக் கடக்கும் மீன்படிக்கட்டுடன் கட்டப்பட்டது. அன்றிலிருந்து ஏறும் மீன்களை எண்ணி, நாள்தோறும் கணக்கு வெளியிடுகிறார்கள். வழிகாட்டிகள் அதைச் சந்தை நிலவரம்போலப் படிப்பார்கள். மேலே உள்ள கிராண்ட் கூலி அணையில் படிக்கட்டே இல்லாததால், அதற்கு அப்பாலுள்ள ஆறுகளில் சால்மன் அடியோடு அற்றுப்போனது. 2021இல் பானவில்லைக் கடந்த கோடை ஸ்டீல்ஹெட் மிகக் குறைந்துபோனதால் பல இடங்களில் மீன்பிடிப்பை நிறுத்தினார்கள், முன்பணம் வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்துக் கரையோர ஆறுகளில் படகில் இருந்தபடி தூண்டில் போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. படகில் ஆற்றோடு போகலாம், மீன்பிடிக்க வேண்டுமானால் கரையிலோ தண்ணீரிலோ கால் ஊன்ற வேண்டும். பொரிப்பகத்தில் வளர்த்து விட்ட மீனுக்கு முதுகின் பின்னால் இருக்கும் சிறிய கொழுப்புத் துடுப்பை வெட்டியிருப்பார்கள், அதை எடுத்துக்கொள்ளலாம். துடுப்பு முழுதாக இருந்தால் அது காட்டு மீன், திரும்ப விட்டுவிட வேண்டும். அப்படி விட வேண்டிய ஸ்டீல்ஹெட்டைப் படம் எடுப்பதற்காகக்கூட நீரிலிருந்து முழுவதுமாக உயர்த்தக் கூடாது என்பது வாஷிங்டன் சட்டம்.

நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லும்போது நான் ஒரு கணக்கைச் சொல்வேன். ஐடஹோ மாநிலத்தின் ரெட்ஃபிஷ் ஏரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம், அதாவது குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடைப்பட்ட உயரம். கடலிலிருந்து 1,400 கிலோமீட்டர் நீந்தி, எட்டு அணைகளைத் தாண்டி சாக்கி சால்மன் அங்கே ஏறிவந்து முட்டையிட்டுச் செத்துப்போகும். 1992இல் அந்த ஏரிக்குத் திரும்பியது ஒரே ஓர் ஆண்மீன். அதற்குத் தனிமை லாரி என்று பெயரிட்டார்கள். அதன் விந்தைச் சேமித்து வைத்துத்தான் அந்தக் குலத்தை மீட்கும் பணியைத் தொடர்ந்தார்கள். சால்மன்போல் அல்லாமல் ஸ்டீல்ஹெட் முட்டையிட்ட பின் உயிரோடு கடலுக்குத் திரும்பி மறுபடி வரக்கூடியது. ஆனால் அப்படி வருபவை சிலவே.

கொடைச்சாரல் எழுதியது:

நான் பழனிமலைப் பக்கத்துக்காரன். உங்கள் உற்சாகத்தைக் கெடுக்கும் எண்ணமில்லை, ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே ஸ்டீல்ஹெட் மண்ணின் மீன், அதனால் அதற்குச் சட்டமும் கண்ணீரும் இருக்கின்றன. இங்கே டிரவுட் ஒரு குடியேற்றம்; 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டி ஏரிக்கு வந்த சாதாக் கெண்டையும் அப்படித்தான். டிரவுட் தவளைக் குஞ்சுகளையும் சிறு மீன்களையும் தின்னும் மீன். மலையோடையில் இயல்பாக வாழ்பவற்றின் பக்கம் நின்று பார்த்தால், இந்த மீன் செழிக்கும் சீசன் மற்றவற்றுக்குக் கெட்ட சீசன். நம் ஆறுகளுக்கே உரிய பெரிய மீன் வேண்டுமென்றால் மோயாறில் திமில் மஹ்சீர் இருக்கிறது. அழிவின் விளிம்பில் உள்ளதாக 2018இல் அழியும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மீன் அது. ஒரு வழிகாட்டி தன் விருந்தினருக்கு டிரவுட்டைக் காட்டும்போது இந்தக் கதையையும் சொல்வது நேர்மை என்று நினைக்கிறேன்.

எமரால்டுக்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கொடைச்சாரல் அண்ணன் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் மோயாறு புலிகள் காப்பகத்துக்குள் ஓடுகிறது, அங்கே தூண்டில் கொண்டுபோக வழியில்லை. முக்குருத்தி தேசியப் பூங்கா ஓடைகளும் அப்படியே. எனக்கு மிஞ்சுவது அணைக்கரையும் சில ஓடைத் துண்டுகளும்தான். குன்னூர் அண்ணன் எழுதியதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது, ஏனென்றால் அவருடைய வழிகாட்டிக்கு ஆறு பேசுகிறது; என் அணையிலோ மின்வாரியம் எப்போது நீர் எடுக்கும், எப்போது நிறுத்தும் என்பதை நான் முன்கூட்டி அறிய முடிவதில்லை. காலையில் நின்ற கரை மாலையில் சேறாகக் கிடக்கிறது. இப்படிப்பட்ட நீரில் மீனின் சீசன் என்று ஒன்றைக் கணிக்க முடியுமா, ஐயா?

பழைய பொரிப்பகம் எழுதியது:

முடியும் தம்பி. உங்கள் மீன் எங்கிருந்தும் வருவதில்லை, அங்கேயேதான் இருக்கிறது. எனவே நீங்கள் கணிக்க வேண்டியது அதன் வருகையை விட்டுவிட்டு அதன் பசியை. பசியை வெப்பம் சொல்லும். எங்கள் தொட்டிகளில் நீர் 12 முதல் 16 டிகிரிக்குள் இருந்தபோது போட்ட தீனி தரையைத் தொடாது. 18ஐத் தாண்டினால் மந்தம், 20ஐ நெருங்கினால் தீனியை நிறுத்திவிடுவோம்.

இதை உங்கள் ஆண்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஏப்ரல், மே என்று நீங்கள் சொல்லும் சீசனில் ஓடை மெலிந்து, நண்பகலில் நீர் சூடேறி, மீன் மடுவின் அடியில் ஒடுங்கியிருக்கும். ஆட்கள் அதிகம், மீன் குறைவு. ஜூன் முதல் ஆகஸ்டு வரை அவலாஞ்சிப் பக்கம் பெய்யும் மழை உங்களுக்குத் தெரியும். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டிய இடம் அது. அந்த மாதங்களில் ஓடைப் பக்கம் போகவே வேண்டாம். செப்டம்பர் பின்பாதியிலிருந்து நவம்பர் வரை, இரண்டு மழைகளுக்கு நடுவே நீர் தெளிகிற நாட்கள்தான் உங்களுக்கு அந்த 'ஸ்டீல்ஹெட் பச்சை'. அது உங்கள் இரண்டாம் சீசனோடு ஓரளவு ஒத்துவருவது உங்கள் அதிர்ஷ்டம். டிசம்பர், ஜனவரியில் ஓடையை முட்டையிடும் மீனுக்கு விட்டுவிட்டு அணைக்கரையோடு நில்லுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் காலை பத்து மணிக்குமேல் நீரில் இளஞ்சூடு ஏறும்போது பூச்சிகள் எழும்பும், மீனும் எழும்பும். எனக்குப் பிடித்த நேரம் அது.

மின்வாரியத்தை நீங்கள் மாற்ற முடியாது, ஆனால் எழுதி வைக்கலாம். ஒரு நூறு ரூபாய் வெப்பமானியும் ஒரு நோட்டும் போதும். தேதி, நேரம், வெப்பம், கரையில் ஒரு குறிப்பிட்ட பாறையிலிருந்து நீர்விளிம்பு எத்தனை எட்டுத் தள்ளி இருந்தது, நீரின் நிறம், மீன் எழும்பியதா. விருந்தினர் இல்லாத நாளிலும் எழுதுங்கள். எங்கள் பொரிப்பகத்தில் நாங்கள் செய்ததும் இதைத்தான், நாளுக்கு மூன்று முறை. எட்டு மணி அளவைக் காணவில்லையென்றால் மேலாளர் சத்தம் போடுவார்.

எமரால்டுக்காரன் எழுதியது:

இன்று காலை ஏழு மணிக்கு முதல் அளவு எடுத்தேன் ஐயா. அணைக்கரையில் 15 டிகிரி, ஓடை வந்து சேரும் இடத்தில் 12. நீர்விளிம்பு பாறையிலிருந்து ஒன்பது எட்டு. நிறம் தெளிவு. இரண்டு இடத்திலும் மேலே ஒன்றும் எழும்பவில்லை.

பழைய பொரிப்பகம் எழுதியது:

மூன்று டிகிரி வித்தியாசம் இருக்கிறதா? அப்படியானால் மீன் அந்த ஓடை வாயில்தான் எங்கோ நிற்கிறது. ஏழு மணிக்கு அது எழும்பாது, பத்தரைக்கு மறுபடி போய்ப் பாருங்கள். வெப்பமானியை மேற்பரப்பில் பிடிக்காமல், ஒரு கல்லில் கட்டி முழங்கால் ஆழத்துக்கு இறக்கி, இரண்டு நிமிடம் விட்டு எடுங்கள்.